கோயில் மதிலோரம் முதல் எங்க குழுத் தோட்டம் வரை: நர்சரி வந்த வழி



மலருக்கு எழுதச் சொன்னப்ப, சமையல் குறிப்பு எழுதட்டுமான்னு தான் நான் முதல்ல கேட்டேன். "அது நாலு பேர் எழுதிட்டாங்க. நீ நர்சரியைப் பத்தி எழுது. எங்கிருந்து வந்தது, யார் யார் செஞ்சாங்கன்னு வரலாறா எழுது" என்று ஊக்குநர் அக்கா சொல்லிட்டாங்க. பத்தாவதோட படிப்பை விட்டவள் நான். வரலாற்றுப் பாடத்தில் ராஜா பேரும் சண்டை நடந்த வருஷமும் மனப்பாடம் பண்ணினதோட சரி. பயிற்சியில் கேட்டது, என் பெரிய பொண்ணு படிச்சுக் காட்டினது, என் மாமியார் கண்ணால் பார்த்துச் சொன்னது எல்லாத்தையும் சேர்த்து எழுதறேன். எங்க குழுக் கணக்கும் நடுவுல வரும். கணக்கை மறைச்சு எழுதினா அது வரலாறு ஆகாது.

நர்சரி வேலை தெரியாதவங்களுக்காக ஒண்ணு சொல்லிடறேன். கன்னு வளர்க்கிறது பத்து மாச வேலை. விக்கிறது ரெண்டரை மாச வேலை. புரட்டாசி பாதியில் ஆரம்பிச்சு கார்த்திகை முடியறதுக்குள்ள மொத்தமா வாங்கறவங்க எல்லாரும் ஒரே நேரத்தில் வருவாங்க. ஐப்பசி அடைமழையில் நட்டால்தான் கன்னு தானா வேர் பிடிக்கும், தண்ணி ஊத்தற செலவு இல்ல. தமிழ்நாட்டுக்கு வருஷத்தில் பெய்யற மழையில் கிட்டத்தட்ட பாதி இந்த வடகிழக்குப் பருவத்தில் தான். எங்க மாவட்டத்துக்கு ஆடி ஆவணி மழையும் உண்டு, ஆனா மரம் நடறவங்க ஐப்பசியைத் தான் நம்புவாங்க. அந்த ரெண்டரை மாசத்தை விட்டா, மீதி நிக்கிற கன்னு பைக்குள்ளயே வேர் சுருண்டு போய்டும். சேலை மாதிரி அடுத்த தீபாவளிக்கு எடுத்து வைக்கிற சரக்கு இல்ல இது.

இந்தப் பக்கம் விதையைப் பாத்தியில் போட்டு காடு உண்டாக்கின கதை பழசு. பயிற்சியில் ஒரு சார் நிலம்பூர் கதை சொன்னார். இப்ப அது கேரளாவில் இருக்கு. அப்ப மலபார் ஜில்லா, நம்ம மெட்ராஸ் மாகாணத்தில் சேர்ந்தது. 1840-களில் அங்கே கலெக்டரா இருந்த கனோலி என்ற வெள்ளைக்காரர், கப்பல் கட்ட தேக்கு தீர்ந்துபோகுதுன்னு தேக்குத் தோப்பு போட நினைச்சார். விதை போட்டாங்க, முளைக்கல. திரும்பத் திரும்பப் போட்டாங்க, சரியா முளைக்கல. தேக்குக் கொட்டை எவ்வளவு கெட்டின்னு நம்மில் போட்டுப் பார்த்தவங்களுக்குத் தெரியும். ராத்திரி ஊற வெச்சு, பகல்ல காய வெச்சு, இப்படி ஒரு வாரம் பண்ணினா தான் ஓடு இளகும். அங்கே அந்தச் சூட்சுமத்தைப் பிடிச்சுத் தோப்பை எழுப்பினவர் சாத்து மேனன் என்ற நம்ம ஊர் ஆள். தோப்புக்கு இன்னிக்கும் பேர் "கனோலி பிளாட்". சாத்து மேனன் பேர் விவரம் தெரிஞ்சவங்களுக்கு மட்டும் தெரியும். பாத்தி வெட்டி, தண்ணி சுமந்து, களை பறிச்சவங்க பேர் ஒண்ணுகூட இல்ல. இதைக் கேட்டுட்டு வந்த அன்னிக்கு எனக்கு ராத்திரி தூக்கம் வரல. நம்ம நர்சரியில் பை ரொப்பினவங்க பேரை நாமளாவது எழுதி வெச்சிருக்கோமான்னு யோசிச்சேன். எழுதி வெக்கல.

நம்ம ஊர்க் கதைக்கு வரேன். நான் பொறந்த வருஷம் 1989. வட ஆற்காட்டைப் பிரிச்சு திருவண்ணாமலையைத் தனி மாவட்டம் ஆக்கினதும் அதே வருஷம் செப்டம்பர் 30. அப்ப நம்ம மலை எப்படி இருந்ததுன்னு என் மாமியாரைக் கேட்டேன். "மொட்டை அடிச்ச தலை மாதிரி இருந்தது. சுள்ளி பொறுக்கப் போனாக்கூட மேல ரொம்ப தூரம் ஏறணும். கோடையில ராத்திரியில தீ எரியும், கீழேருந்து பார்த்தா மாலை போட்ட மாதிரி தெரியும்" என்றாங்க. அழகா சொல்றாங்களேன்னு நினைக்காதீங்க. அந்தத் தீயில் தான் முளைச்சு வர்ற செடியெல்லாம் போகும்.

1987-ல் நம்ம ஊரில் தங்கியிருந்த ஒரு அம்மா, மலைக்கு மரம் நட உதவி கேட்டு ஆஸ்திரேலியாவுக்கு ஒரு கடிதம் எழுதினாங்க. அங்கே மழைக்காடுகளைக் காப்பாத்த வேலை செய்த ஜான் சீட் என்பவர் அதைப் படிச்சுட்டு, ஆஸ்திரேலிய அரசாங்கத்தோட உதவிப் பணம் வர ஏற்பாடு பண்ணினார். இங்கே அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டின்னு ஒரு சங்கம் உண்டாச்சு. மலைக்கு நட கன்னு வேணும், கன்னு வளர்க்க இடமும் தண்ணியும் காவலும் வேணும். இடம் எங்கே கிடைச்சது தெரியுமா? அண்ணாமலையார் கோயிலுக்குள்ளயே. இருபது ஏக்கருக்கு மேல் இருக்கிற கோயில் அது. வெளி மதிலுக்கும் உள் மதிலுக்கும் நடுவில் சும்மா கிடந்த இடத்தில் தான் பெரிய நர்சரி போட்டாங்க. தென்னிந்தியாவிலேயே பெரிய மர நர்சரின்னு ஜான் சீட் அதைப் பத்தி எழுதியிருக்கார்.

என் மாமியார் அப்ப கோயில் வாசலில் பூ வித்தவங்க. "உள்ள போனா மதிலோரம் பை பையா பச்சையா நிக்கும். நான் கும்பிடப் போறப்ப ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுத் தான் போவேன்" என்பாங்க. "யார் தண்ணி ஊத்தினாங்க அத்தை?" என்று கேட்டேன். "பொம்பளைங்க தான், வேற யாரு? பூவாளி வெச்சுக்கிட்டு. பேரு நியாபகம் இல்லம்மா." பாருங்க, கடிதம் எழுதினதும் ஒரு பொம்பளை, தண்ணி ஊத்தினதும் பொம்பளைங்க.

அந்தச் சங்கத்துக்கு அப்புறமும் வேலை நிக்கல. 2003 முதல் தி ஃபாரஸ்ட் வே என்ற அறக்கட்டளை மலைச்சரிவில் நம்ம மண்ணுக்குரிய மரங்களை நட்டு வருது. சொந்தமா நர்சரி வெச்சு, பல வகை நாட்டு மர விதையை மலைங்களில் தேடிப் பொறுக்கி முளைக்க வைக்கிறாங்க. மழை விட்டதும் காய்ஞ்ச புல்லை வெட்டித் தீத்தடுப்புக் கோடு போடறாங்க. கிரிவலம் போற 14 கிலோமீட்டரில் இப்ப சில இடத்தில் நிழல் இருக்குன்னா, அந்த நிழல் ஒரு காலத்தில் ஒரு பைக்குள்ள இருந்தது தான்.

அரசாங்கம் பக்கமும் கொஞ்சம் சொல்லணும். 1981-ல் சுவீடன் நாட்டு உதவியோட சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் தமிழ்நாட்டில் வந்தது. ஏரி உள்வாயில் கருவேலம் போட்டது அந்தக் காலத்தில் தான் பெருசா நடந்தது. நம்ம வேங்கிக்கால் வயசானவங்களைக் கேட்டா ஏரிக் கருவேலங்காட்டைப் பத்தி நிறைய சொல்வாங்க, பேயோட சேர்த்து.

நம்ம குழுக்கள் கதை எல்லாருக்கும் தெரியும், அதனால் சுருக்கமா முடிக்கறேன். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதி உதவியோட தர்மபுரியில் முதல் குழுக்கள் 1989-ல். மகளிர் திட்டமா மாநிலம் முழுக்கப் பரவினது 1997-98-ல். ஆக நானும் நம்ம மாவட்டமும் தமிழ்நாட்டுக் குழுக்களும் ஒரே வயசு. இதைக் குழுவில் சொன்னப்ப, "அப்ப நீ தான் தலைவியா இருக்கணும்"னு கிண்டல் பண்ணினாங்க. இருக்கேன், பிரதிநிதியா.

உலகத்தில் நம்மளை மாதிரி பொம்பளைங்க நர்சரியை வெச்சே பெரிய வேலை செஞ்ச இடம் கென்யா. ஆப்பிரிக்காவில் இருக்கு. வாங்கரி மாத்தாய் என்ற அம்மா அங்கே 1977-ல் பசுமைப் பட்டை இயக்கத்தைத் தொடங்கினாங்க. அதுக்கு முன்னாடி அவங்க ஒரு நர்சரி போட்டு, பணமும் தண்ணியும் பத்தாம அது நஷ்டமாகி மூடியிருக்காங்க. எனக்கு அவங்களைப் பிடிச்சுப்போனதே இதைக் கேட்டதும் தான். அப்புறம் கிராமத்துப் பொம்பளைங்களை நர்சரி போடச் சொன்னப்ப, படிச்ச வனத்துறை ஆளுங்க "இதுக்கெல்லாம் படிப்பு வேணும்"னு சொன்னாங்களாம். இவங்க உடைஞ்ச பானையிலும் தகரத்திலும் விதை போட்டு முளைக்க வெச்சுக் காட்டினாங்க. கூலி எப்படின்னா, நட்ட கன்னு பிழைச்சா தான் ஒரு கன்னுக்கு இவ்வளவுன்னு சின்னத் தொகை. 2004-ல் அவங்களுக்கு நோபல் அமைதிப் பரிசு கிடைச்சது. ஆப்பிரிக்கப் பொம்பளைங்களில் அந்தப் பரிசை முதல்ல வாங்கினவங்க அவங்க தான்.

பிழைச்சா தான் காசு என்ற பேச்சு நம்ம கூட்டத்தில் வந்தப்ப ரெண்டு கட்சி ஆச்சு. அது நியாயம்னு சிலர். "நாம வளர்த்துக் குடுக்கறோம், வாங்கிட்டுப் போனவன் ஆட்டுக்கு விட்டா அதுக்கும் நாமளா பொறுப்பு?"ன்னு சிலர். நான் ரெண்டாவது கட்சி. நட்டுக் காப்பாத்தற வேலையும் நம்மகிட்ட இருந்தா முதல் கணக்கு சரி. விக்கிறது மட்டும் நம்ம வேலைன்னா, நம்ம தோட்டத்தை விட்டு நல்ல கன்னா போச்சா என்றது வரைக்கும் தான் நம்ம பேச்சு.

இங்கே பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பர் 24-ல் தொடங்கினாங்க. 23.7 சதவீதமா இருந்த பசுமைப் பரப்பை 33 சதவீதம் ஆக்கணும்னு குறி. அந்தப் பேச்சு வந்தப்ப தான், கன்னுக்கு இனிமே கிராக்கி இருக்கும்னு எங்க குழுவில் பன்னெண்டு பேர் சேர்ந்து நர்சரி போட்டோம். ஒரு அக்காவோட அரை ஏக்கர் நிலம், கிணத்துத் தண்ணி, வங்கிக் கடன் ஒன்றரை லட்சம்.

வேலையை முதல் வருஷம் தப்புத் தப்பா பண்ணிக் கத்துக்கிட்டோம். செம்மண் ரெண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கின எரு ஒரு பங்கு. எரு மக்கலைன்னா வேர் வெந்துடும். ஒருத்தர் ஒரு நாளைக்கு 300 பை ரொப்பலாம், கை பழகினவங்க 400. புங்கன், புளி விதையைக் கோடையிலயே போட்டுடலாம், ஐப்பசிக்கு நல்லா நிமிர்ந்து நிக்கும். வேப்பங்கொட்டையும் நாவக்கொட்டையும் அப்படி இல்ல. பழம் உதிர்ந்த சூட்டோட போடணும். மூணு வாரம் வெச்சிருந்தா வேம்பு பாதி கூட முளைக்காது. ஆனி ஆடியில் போட்ட வேம்பு ஐப்பசிக்கு ஒரு சாண் தான் இருக்கும். வாங்க வர்றவங்க அதைப் பார்த்து மூஞ்சி சுளிப்பாங்க. அதனால் வேம்பை ஒரு வருஷம் முன்னாடியே யோசிச்சுப் போடணும்.

ஆவணி கடைசியில் பையெல்லாம் ஒரு தரம் தூக்கி இடம் மாத்தி வைக்கணும். இல்லாட்டி வேர் பையைக் கிழிச்சுக்கிட்டு தரைக்குள்ள இறங்கிடும், லோடு ஏத்தற அன்னிக்குப் பிடுங்கினா ரெண்டு நாளில் வாடிடும். உயரம் பார்த்துப் பெருசு சின்னது பிரிக்கணும். நிழல்வலையை எடுத்துட்டு, தண்ணியைக் குறைச்சு, வெயிலுக்குப் பழக்கணும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறதுக்கு முன்னாடி தனியா சாப்பிடப் பழக்கற மாதிரி. மழை பிடிச்சா பாத்தியைச் சுத்தி கால்வாய் வெட்டித் தண்ணியை வடியவிடணும். தண்ணி நின்னா மூணாம் நாள் அழுகல். மழையில் நனைஞ்ச பை கனமும் கூட. காய்ஞ்ச நாளில் ஒரு மினி லாரியில் ஏறுற கன்னு, நனைஞ்ச நாளில் ஏறாது. இதுக்கு வாடகை பேசறப்ப சண்டை வரும்.

இன்னொரு கஷ்டம் நம்ம ஊருக்கு மட்டும் உள்ளது. கார்த்திகை தீபம். பத்து நாள் திருவிழாவில் வேலூர் ரோட்டில் லோடு வண்டி சுலபமா வர முடியாது, வந்தாலும் திருப்பி விட்டுடுவாங்க. சாமிக்குக் குறை சொல்லல. ஆனா நட்டா பிழைக்கிற நல்ல மழைக்காலத்தில் நம்ம நர்சரிக்கு மட்டும் பத்து நாள் கதவு சாத்தின மாதிரி.

இப்ப 2024-க்கு வரேன். அந்த வருஷம் 20,000 பை போட்டோம். தீபாவளி தாண்டி கொஞ்ச நாளுக்குள்ள 12,000 போயிடுச்சு. மீதி 8,000 ஒரு பெரிய இடத்து ஆர்டர், கன்னு 12 ரூபாய்னு பேச்சு. யார்னு இங்கே எழுதல. பேச்சு எல்லாம் போனில் தான். எழுத்தும் இல்ல, அச்சாரமும் இல்ல. நவம்பர் கடைசியில் வண்டி வரும்னு சொன்னாங்க. அதுக்குள்ள ஃபெஞ்சல் புயல்.

டிசம்பர் 1-ஆம் தேதி மலைச்சரிவில் மண் சரிஞ்சு வ.உ.சி. நகரில் ஏழு பேர் உயிர் போச்சு. அதில் அஞ்சு பேர் பிள்ளைங்க. அன்னிக்கு நர்சரியை யாரும் நினைக்கல. நாலு நாள் கழிச்சு தண்ணி வடிஞ்சப்புறம் போய்ப் பார்த்தா, ஏரி கோடி போன தண்ணி எங்க கீழ்ப்பாத்திக்குள்ள நின்னிருந்தது. ஒரு ஒரு பையா தூக்கிப் பார்த்து எண்ணினோம். 1,740 கன்னு அழுகல். இவ்வளவு பெரிய துக்கத்துக்கு முன்னாடி இது என்ன நஷ்டம்னு எங்களுக்கே வெட்கமா இருந்தது. ஆனா கடன் தவணை கேக்கிற தேதி மாறல.

ஆர்டர் குடுத்தவங்களைக் கேட்டா மழை விடட்டும்னாங்க. அந்த வருஷம் தீபம் டிசம்பர் 13. தீபம் முடியட்டும்னாங்க. அப்புறம் போன் எடுக்கல.

மார்கழி முழுக்க எங்களுக்குள்ள சண்டை. "பேசினது நீ தானே, நீயே கட்டு"ன்னு என்னைப் பார்த்துச் சொன்னவங்க உண்டு. அவங்க சொன்னதில் தப்பில்ல. தீர்மானப் புத்தகத்தில் ஆர்டரை எழுதி எல்லார் கையெழுத்தும் வாங்கியிருந்தா அந்தப் பேச்சு வந்திருக்காது. ரெண்டு பேர் குழுவை விட்டு விலகறேன்னு எழுதியே குடுத்துட்டாங்க. அப்ப வயசில் மூத்த ஒரு அக்கா தான் சொன்னாங்க, "கன்னு உசுரோட கீது. உசுரோட கீற வரைக்கும் அது கடன் இல்ல, சரக்கு. முதல்ல அதுக்குத் தண்ணி ஊத்துங்கடி, அப்புறம் சண்டை போடலாம்."

மிச்சம் இருந்தது 6,260. கிணத்துப் பாசனம் இருக்கிற விவசாயிங்ககிட்ட வரப்போரம் நடச் சொல்லி, தலையில் கூடையோட ஊர் ஊராப் போய், 10 ரூபாய்க்கு 2,300 வித்தோம். 23,000 ரூபாய் வந்தது. அதில் தவணை ரெண்டு கட்டினோம். நல்லா நின்ன 3,000 கன்னைப் பெரிய பைக்கு மாத்தினோம். மீதி 960 பள்ளிக்கூடத்துக்கும் கேட்டவங்களுக்கும் சும்மா குடுத்தது, கொஞ்சம் காய்ஞ்சும் போச்சு. பெரிய பையில் மாத்தினதைக் கோடை முழுக்க முறை வெச்சுத் தண்ணி ஊத்திக் காப்பாத்தினோம். அக்னி நட்சத்திரத்தில் 350 போச்சு. நின்ன 2,650 ஆளுயரம் வந்தது. போன மாசம் ஐப்பசியில் அது கன்னு 35 ரூபாய்க்குப் போனது. 92,750 ரூபாய்.

கூட்டிப் பார்த்தா மொத்தம் 1,15,750. முதல் பேச்சுப்படி வந்திருக்க வேண்டியது 96,000. லாபம்னு கை தட்டினாங்க. இருங்கன்னு சொல்லி நான் செலவை எழுதினேன். பெரிய பை, எரு, மாத்தற கூலி, மோட்டார் ரிப்பேர் எல்லாம் சேர்ந்து 30,000. ஆக கையில் 85,750. பேசினதை விட 10,250 கம்மி. ஒரு வருஷ வட்டி தனி. அதோட, பன்னெண்டு பேர் முறை வெச்சுத் தண்ணி ஊத்தினதுக்கு யாரும் ஒரு ரூபாய் கூலி எடுக்கல. அதை எழுத நோட்டில் கட்டமே இல்ல. கோயில் மதிலோரம் பூவாளி பிடிச்சவங்க பேர் என் மாமியாருக்கு ஏன் நியாபகம் இல்லன்னு எனக்கு அன்னிக்குப் புரிஞ்சது. கட்டம் இல்லாத இடத்தில் யாரும் எதையும் எழுத மாட்டாங்க.

இப்ப நோட்டில் மூணு கட்டம் சேர்த்திருக்கோம். யார், என்னிக்கு, எத்தினி பை அல்லது எத்தினி குடம். கையெழுத்துப் போடத் தெரியாத ஒரு அம்மா ரேகை வைக்கிறாங்க. ஆர்டருக்கு நாலில் ஒரு பங்கு அச்சாரம் வாங்கினா தான் பாத்தியைத் தனியா கட்டுவோம்னு தீர்மானம் போட்டிருக்கோம். இதனால் ஒரு பார்ட்டி கோவிச்சுக்கிட்டுப் போனார். போகட்டும்னு விட்டோம், மனசு அடிச்சுக்கிட்டது வேற விஷயம். விலகறேன்னு எழுதிக் குடுத்த ரெண்டு பேரில் ஒருத்தர் திரும்பி வந்துட்டாங்க. இன்னொருத்தர் வரல. அவங்க சேமிப்பைக் கணக்குப் பார்த்துக் குடுத்தாச்சு. அவங்க ரொப்பின பைக் கணக்கு 2024 நோட்டில் இல்லாததால, நியாபகத்தில் இருந்ததை நான் தனித் தாளில் எழுதி உள்ள ஒட்டி வெச்சிருக்கேன்.

இந்த 2025-ல் தீபம் டிசம்பர் 3. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே பெரிய லோடு ரெண்டும் கிளம்பியாகணும், அச்சாரம் வாங்கியாச்சு. அதுபோக மகிழம் 1,200, பூவரசு 400, ஒரு வருஷ வேம்பு 900 கைவசம் நிக்குது. கூட்டமைப்புக் குழுக்களுக்குக் கன்னுக்கு ஒரு ரூபாய் குறைச்சுத் தரோம். மழை இருக்கிறப்பவே வந்து எடுத்துக்கிட்டுப் போங்க, காலையில் ஏழு மணிக்கு மேல தோட்டத்தில் யாராவது இருப்போம்.